கல்லீரல் நோயாளிகளிடம் செல்களை விற்க விடாதீர்கள்: மூன்று ஆட்சியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்ட ஆட்சியர்களுக்கும், மூன்று மாவட்டங்களின் மருத்துவப் பணிகள் இணை இயக்குநர்களுக்கும் வணக்கம்.

குடியாத்தத்தில் இருபத்தெட்டு ஆண்டுகளாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். 2019இல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. நோயாளிகள் பிரியவில்லை. ஆம்பூர்க்காரரும் மேல்விஷாரத்துக்காரரும் பேரணாம்பட்டுக்காரரும் இன்றும் வேலூருக்குத்தான் பஸ் ஏறுகிறார்கள். அதனால் மூவருக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுகிறேன்.

மருந்துச் சீட்டில் புரோப்ரனோலால், ஸ்பைரோனோலாக்டோன், லாக்டுலோஸ் மூன்றும் சேர்ந்து வந்தால் நான் நோயின் பெயரைக் கேட்பதில்லை. அந்த வீட்டில் ஈரல் சுருங்கிய ஒருவர் இருக்கிறார். முதல் மாத்திரை ரத்தக்குழாயின் அழுத்தத்துக்கு. இரண்டாவது வயிற்றில் சேரும் நீருக்கு. மூன்றாவது இனிப்புச் சாறு. குடலில் உண்டாகும் அம்மோனியா மூளைக்கு ஏறாமல் மலத்தோடு வெளியேற்றுவதற்கு. மூன்றில் எதுவும் ஈரலைப் பழையபடி ஆக்குவதில்லை. இரண்டு மூன்று மாதம் வாங்கியபின் வீட்டுக்காரர்கள் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள்: "நோய்க்கே மருந்து கிடையாதா, அண்ணா?" ஸ்டெம் செல்களை, அதாவது வேறு செல்களாக வளரக்கூடிய மூலச் செல்களை, ஏற்றி ஈரலைக் குணமாக்குகிறோம் என்று விற்கும் செல் வியாபாரம் அந்தக் கேள்விக்குள்தான் நுழைகிறது. என் அண்ணன் வீட்டுக்குள்ளும் அப்படித்தான் நுழைந்தது.

அண்ணன் லுங்கி நெய்தவர். குடித்தவர் அல்லர். எங்கள் ஊரில் ஈரல் நோய் என்றாலே மதுக்கடை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்தப் பேச்சைக் கேட்கப் பிடிக்காமல் அண்ணி உறவினர் வீட்டு விசேஷங்களுக்குப் போவதையே விட்டுவிட்டார். அண்ணனுக்கு இருந்தது ஹெபடைடிஸ் பி வைரஸ் தொற்று. கண்டுபிடித்தபோது ஈரல் கரடுமுரடாகிவிட்டிருந்தது. 2021இல் ஒரு விடியற்காலை ரத்த வாந்தி எடுத்தார். தறிமேடைக்குப் பக்கத்தில் தண்ணீருக்காக வைத்திருந்த அலுமினியக் குண்டான் பாதிக்கு மேல் நிறைந்துவிட்டது. அன்று அவரைக் காப்பாற்றினார்கள். என்டோஸ்கோபி வழியாக உணவுக்குழாயின் வீங்கிய ரத்தக்குழாய்களுக்கு ரப்பர் வளையம் போட்டார்கள். எங்கள் பக்கம் அதை "பேண்ட் போடுவது" என்கிறோம்.

அதன்பிறகு இரண்டு ஆண்டுகள் அந்த வீடு நடந்த ஒழுங்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். காலையில் எழுந்ததும் அண்ணி தையல் டேப்பால் அவர் வயிற்றைச் சுற்றி அளப்பார். எதிர் அரிசிக்கடைத் தராசில் எடை பார்ப்பார்கள். சோற்றில் உப்பு கிடையாது. ஊறுகாய் ஜாடி பரணுக்குப் போய்விட்டது. பிறகு தினசரி காலண்டரில் முதல் நாள் தாளைக் கிழித்து, அதன் பின்புறம் அண்ணன் தன் பெயரை எழுதுவார். அவர் பெயரில் ஒரு ழகரம் உண்டு. அதன் சுழி ஒழுங்காக முடிந்தால் தலை தெளிவாக இருக்கிறது என்று பொருள். சுழி நடுங்கித் தொங்கினால் நச்சு ஏறத் தொடங்கியிருக்கிறது, லாக்டுலோஸ் கூட்ட வேண்டும், மருத்துவரைக் கூப்பிட வேண்டும். ஒரு நல்ல டாக்டர் சொல்லிக் கொடுத்த வழி அது. அந்தத் தாள்கள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன.

2023இல் யாரோ ஒரு துண்டறிக்கையைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். வழவழப்பான தாள், தமிழிலும் இந்தியிலும் வங்காளத்திலும் அச்சிட்டிருந்தார்கள். உங்கள் எலும்பு மஜ்ஜையிலிருந்தே செல் எடுத்து உங்கள் ஈரலைப் புதிதாக வளர்க்கிறோம், அறுவை இல்லை, தானம் தேடி அலைய வேண்டாம் என்ற வாக்குறுதி. வேறொரு நகரத்தில் இருந்த அந்த இடத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஒரு பெயரோடு முடிகிற விஷயம் அல்ல இது. மூன்று தவணைகளில் நான்கு லட்சத்து இருபதாயிரம் ரூபாய். பின்பக்கத்து மனைக்கட்டை விற்றார்கள். இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்து, ஏதோ செய்து, கை நரம்பு வழியாகத் திருப்பி ஏற்றினார்கள். ரசீதில் இருப்பது "செயல்முறைக் கட்டணம்" என்ற ஒரே வரி.

அடுத்த மாதம் புரோப்ரனோலால் வாங்க அண்ணி வரவில்லை. நான்தான் கேட்டேன். "இனி அது வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், தம்பி. உள்ளே புது ஈரல் வளர்கிறதாம். குழாய் விட்டுப் பார்ப்பதும் தேவையில்லையாம்" என்றார். அத்தனை மகிழ்ச்சியோடு அவர் சொன்னபோது நான் வாதாடியிருக்க வேண்டும். அரை மனதோடு ஒருமுறை சொல்லிவிட்டு விட்டுவிட்டேன். ஐந்தாம் மாதம் மீண்டும் ரத்த வாந்தி. இந்த முறை ஆம்புலன்ஸ் காட்பாடி மேம்பாலத்தைத் தாண்டுவதற்குள் நினைவு போய்விட்டது. இரண்டாம் நாள் இறந்துபோனார்.

செல்கள் அவரைக் கொன்றன என்று நான் சொல்லவில்லை. அதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. ஈரல் குணமாகிவிட்டது என்ற நம்பிக்கை, அந்த ரத்தக்குழாய் அழுத்தத்துக்குப் போட்டிருந்த காவலை எடுத்துவிட்டது. நான் முறையிடுவது அதைப் பற்றித்தான்.

இந்தக் காவல் எதற்கு என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் திரும்புகிற ரத்தம் நேராக இதயத்துக்குப் போவதில்லை. போர்ட்டல் சிரை என்ற ஒரு பெருங்குழாயில் சேர்ந்து ஈரலுக்குள் நுழைகிறது. ஈரலுக்கு வரும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு இந்த வழியாகத்தான் வருகிறது. ஈரல் தழும்பேறி இறுகினால் உள்ளே போக வழி குறைகிறது. மதகு அடைத்துக்கொண்ட ஏரியில் வரத்து மட்டும் நிற்காமல் இருந்தால் என்ன ஆகும் என்று நம் மாவட்டத்து விவசாயிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கரையின் மெலிந்த இடத்தைத் தண்ணீர் கண்டுபிடித்துவிடும். உடம்பில் அந்த மெலிந்த இடம் உணவுக்குழாயின் அடிப்பகுதி. போர்ட்டல் சிரைக்கும் ஈரலைக் கடந்த சிரைக்கும் இடையே அழுத்த வேறுபாடு சாதாரணமாக 5 மி.மீ. பாதரசத்துக்குள் இருக்கும். 10ஐத் தொட்டால் ஆபத்தான கட்டம். 12ஐத் தாண்டினால் வீங்கிய குழாய் எப்போது வேண்டுமானாலும் வெடிக்கலாம். ஒருமுறை வெடித்தால், நல்ல சிகிச்சை கிடைத்தாலும், ஆறு வாரத்துக்குள் நூற்றுக்குப் பதினைந்து இருபது பேரை இழக்கிறோம்.

அத்தோடு போவதில்லை. குடலைச் சுற்றிய ரத்தக்குழாய்கள் தளர்ந்து விரிகின்றன. ரத்தம் அங்கே தேங்க, பெரிய தமனிகளில் அளவு குறைந்ததுபோல் ஆகிறது. சிறுநீரகம் அதைப் பார்த்து, உடம்பில் நீர் வற்றிவிட்டது என்று எண்ணி உப்பையும் நீரையும் பிடித்து வைக்கிறது. அந்த நீர்தான் வயிற்றில் இறங்குகிறது. நம் பெரியவர்கள் மகோதரம் என்று சொன்னது. முற்றினால் நல்ல சிறுநீரகமே வேலைநிறுத்தம் செய்கிறது. சிலருக்கு நுரையீரலின் நுண்குழாய்கள் விரிந்து மூச்சு வாங்குகிறது. பெயருக்குத்தான் ஈரல் நோய். ஆளைச் சாய்ப்பது பல நேரம் ரத்த ஓட்டம்.

இந்த ரத்த ஓட்டத்தைக் காக்க நம்மிடம் இருப்பவை விலை குறைந்தவை. புரோப்ரனோலால் மாத்திரை மறு ரத்தக்கசிவைக் குறைக்கிறது என்று பிரான்சு மருத்துவர்கள் 1981இலேயே காட்டிவிட்டார்கள். என் கடையில் ஒரு மாத்திரை ஒரு டீயின் விலைகூட வராது. வியாபாரிக்கு அதில் லாபம் இல்லை. அதனால் அதற்கு வழவழப்பான துண்டறிக்கை அச்சிடுவார் யாரும் இல்லை.

இனி செல் சிகிச்சைக்கு வருகிறேன். அது பொய் என்று நான் எழுதவில்லை. அப்படி எழுதினால் நேர்மையாக ஆராய்பவர்களுக்கு அநியாயம் செய்தவனாவேன். எலிகளில் தழும்பு கரைந்திருக்கிறது. எடின்பரோவில் ஒரு குழு, நோயாளியின் ரத்தத்திலிருந்தே மேக்ரோஃபேஜ் எனப்படும் தின்னும் செல்களை வளர்த்து ஒன்பது பேருக்குத் திருப்பிக் கொடுத்துப் பார்த்தது. பாதுகாப்பாகக் கொடுக்க முடியும் என்ற முடிவு 2019இல் வெளிவந்தது. அந்தக் கட்டத்தில் அவர்கள் கேட்ட முதல் கேள்வி பாதுகாப்பு மட்டுமே. கொரியாவில் குடியால் ஈரல் இறுகிய 72 பேரிடம் நடந்த ஆய்வில், மஜ்ஜையிலிருந்து வளர்த்த செல்களைப் பெற்றவர்களுக்குத் தழும்பு குறைந்ததாக 2016இல் எழுதினார்கள். நம்பிக்கை தரும் செய்திகள்தான்.

மறுபக்கத்தையும் துண்டறிக்கையில் அச்சிட வேண்டாமா? பிரிட்டனில் 81 பேரை மூன்று பிரிவாகப் பிரித்து நடத்திய சோதனையின் முடிவு 2018இல் வந்தது. மஜ்ஜைச் செல்களை வெளியே வரத் தூண்டும் ஊசி ஒரு பிரிவுக்கு. அந்த ஊசியோடு செல்களும் இன்னொரு பிரிவுக்கு. வழக்கமான சிகிச்சை மூன்றாவது பிரிவுக்கு. ஈரலின் நிலையைக் காட்டும் மதிப்பெண்ணில் எந்தப் பலனும் இல்லை. செல் பெற்றவர்களுக்குத்தான் கடுமையான பக்கவிளைவுகள் அதிகம். அதே ஊசியை டெல்லியிலும் சண்டிகரிலும் சிறிய ஆய்வுகளில் கொடுத்தபோது உயிர் பிழைத்தவர்களின் எண்ணிக்கை கூடியது. ஜெர்மனியில் 176 பேரிடம் கொடுத்துப் பார்த்தபோது பலனே தெரியவில்லை. அந்த ஊசி புற்றுநோயாளிகளுக்காக என் கடைக் குளிர்பெட்டியிலும் இருக்கிறது. நாளையே ஒருவர் அதை "ஈரல் வளர்ப்பு ஊசி" என்று சொல்லி விற்கலாம் என்பதை நினைத்தால் பயமாக இருக்கிறது.

நான் திரும்பத் திரும்பப் படித்தது ஈரானில் நடந்த ஒரு சிறு ஆய்வை. 2007இல் வெளிவந்தது. முற்றிய நோயாளிகள் நால்வருக்கு ஈரல் தமனி வழியாக மஜ்ஜைச் செல்களைச் செலுத்தினார்கள். தமனியைப் படத்தில் பார்ப்பதற்காகச் செலுத்திய சாயமருந்து ஒருவரின் சிறுநீரகத்தைக் கெடுத்தது; அவர் இறந்துபோனார். ஆய்வாளர்கள் சோதனையை அதோடு நிறுத்திவிட்டு, நடந்ததை அப்படியே எழுதி வெளியிட்டார்கள். அந்த நேர்மைக்குத் தலைவணங்குகிறேன். செல்லை எந்த வழியாகச் செலுத்துவது என்பதே இந்த நோயில் உயிர்ப் பிரச்சினை. தமனி வழியாகப் போனால் ஏற்கெனவே தள்ளாடும் சிறுநீரகத்துக்குச் சாயமருந்தின் அடி. போர்ட்டல் சிரை வழியாகப் போனால், நிரம்பி வழியும் குழாயில் மேலும் அழுத்தம், உறைகட்டி. கை நரம்பு வழியாகப் போனால் பெரும்பாலான செல்கள் முதலில் நுரையீரலில்தான் சிக்கிக்கொள்கின்றன. என் அண்ணனுக்குக் கை நரம்பில்தான் ஏற்றினார்கள். இதில் ஒரு வார்த்தைகூட அவருக்கு யாரும் சொல்லவில்லை.

தழும்பு ஒருநாளும் கரையாது என்பதும் பழைய எண்ணம். ஹெபடைடிஸ் பி வைரஸை அடக்கும் டெனோஃபோவிர் மாத்திரையை ஐந்து ஆண்டுகள் சாப்பிட்டவர்களில், தொடக்கத்தில் சிரோசிஸ் எனப்படும் ஈரல் சுருக்கம் இருந்த 96 பேரைத் திரும்ப ஆராய்ந்தார்கள். 71 பேருக்கு அந்த நிலை நீங்கியிருந்தது. வயிற்றில் நீர் சேராத, ரத்தம் கசியாத கட்டத்தில் இருந்தவர்கள் அவர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2018இல் தொடங்கிய மத்திய அரசின் ஹெபடைடிஸ் திட்டத்தில் இந்த மாத்திரையை இலவசமாகவே தருகிறார்கள். அண்ணனுக்குப் பத்து ஆண்டுகளுக்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை நடந்திருந்தால் என்று நினைக்காத நாள் இல்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், சில ரத்த நோய்களுக்கும் அவை போன்றவற்றுக்கும் ஏற்கப்பட்ட மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையைத் தவிர மற்ற ஸ்டெம் செல் சிகிச்சை எதையும் சோதனையாக மட்டுமே செய்யலாம் என்கின்றன. சோதனை என்றால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும், தேசிய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிவு எண் வேண்டும், நோயாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது. ஈரல் நோயைக் குணப்படுத்துவதாகச் சொல்லி மருந்து விற்பதை மருந்து விதிகளின் ஜே அட்டவணையும் தடுக்கிறது. ஆகவே ஆட்சியர் அவர்களே, நான் புதுச் சட்டம் கேட்டு வரவில்லை.

இந்த ஊருக்கு இதைக் கேட்கக் கூடுதல் உரிமை இருக்கிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1986இலிருந்து மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை நடக்கிறது. பாகாயத்தில் ஸ்டெம் செல் ஆராய்ச்சிக்கென்றே ஒரு மையம் இருக்கிறது. பிறவி ரத்தக்கசிவு நோயான ஹீமோஃபிலியாவுக்கு, நோயாளியின் ஸ்டெம் செல்லிலேயே மரபணுவைச் சேர்த்துத் திருப்பிச் செலுத்தும் சோதனை வேலூரில் ஐந்து பேரிடம் நடந்தது. கண்காணித்த காலத்தில் அவர்களுக்கு ரத்தக்கசிவு ஏற்படவில்லை என்ற முடிவு 2024 டிசம்பரில் உலகம் முழுவதும் படிக்கும் மருத்துவ இதழில் வந்தது. ஐந்தே பேர், பல ஆண்டு உழைப்பு, எண்ணிக்கையை மறைக்கவில்லை. செல் சிகிச்சையை எப்படிச் செய்ய வேண்டும் என்பதற்கு வெளியூரில் எடுத்துக்காட்டுத் தேட வேண்டாம்.

ஆனால் இந்த நற்பெயரின் நிழலில்தான் மற்றவர்கள் கடை விரிக்கிறார்கள். ஹவுராவிலிருந்து இரண்டு நாள் ரயிலில் வந்து காட்பாடியில் இறங்குகிற குடும்பத்துக்கு, வேலூர் என்று எழுதியிருந்தால் போதும், நம்பிக்கை வந்துவிடுகிறது. விடுதிகள் நிறைந்த தெருக்களில் அவர்கள் கையில்தான் அந்தத் துண்டறிக்கைகள் திணிக்கப்படுகின்றன.

எனவே கேட்கிறேன். உங்கள் மூன்று மாவட்டங்களிலும் ஸ்டெம் செல் என்று பலகை வைத்திருக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் இணை இயக்குநர் அலுவலகத்திலிருந்து ஆள் போகட்டும். ஈரலுக்குச் செல் கொடுக்கிறீர்களா, பதிவு எண் என்ன, யார் ஒப்புதல் கொடுத்தார்கள், ரசீதைக் காட்டுங்கள் என்று கேட்கட்டும். எண் இல்லை என்றால் மூடுங்கள். எண் இருந்தும் பணம் வாங்கினால் அதையும் நிறுத்துங்கள். வெளியூர் நிலையங்களுக்கு இங்கே ஆள் பிடித்து அனுப்பும் தரகர்களை விட்டுவிடாதீர்கள். எங்கள் வீட்டுக்கு வந்தவர் அப்படி ஒருவர்தான். அரசு மருத்துவமனை வெளிநோயாளர் பகுதியிலும் காட்பாடி ரயில் நிலையத்திலும் தமிழ், இந்தி, வங்காளம், தெலுங்கு, உருது ஐந்திலும் ஒரு அறிவிப்பு இருக்கட்டும்: ஈரல் நோய்க்குச் செல் சிகிச்சை இன்னும் சோதனையில்தான் இருக்கிறது, அதற்குப் பணம் கேட்டால் இந்த எண்ணில் புகார் செய்யுங்கள் என்று.

இன்னொன்றும் செய்ய முடியும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. அந்தப் பெண் ஊழியர்களின் பையில் ஈரல் நோயாளிக்கான புரோப்ரனோலாலையும் சேர்த்துக் கொடுங்கள். மாத்திரை நின்றுபோனால் இரண்டாம் மாதமே அவர்களுக்குத் தெரிந்துவிடும். என்னைப்போல் தயங்க மாட்டார்கள், ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்பார்கள். அடுத்த என்டோஸ்கோபி எந்தத் தேதி என்றும் அவர்களே எழுதி வைத்துக்கொள்ளலாம். தாலுகா மருத்துவமனைகளில், ரத்த வாந்தியோடு வருபவருக்குக் குழாய்களைச் சுருக்கும் முதல் ஊசியைப் போட்டு, அதன்பிறகு வேலூருக்கு அனுப்பும் ஏற்பாடு இரவிலும் இருக்கட்டும். பேரணாம்பட்டிலிருந்தோ ஒடுகத்தூர் மலையடியிலிருந்தோ வருகிற நோயாளிக்கு அந்த ஒரு மணி நேரம்தான் உயிர்.

வேலூரின் ஆராய்ச்சியாளர்களுக்கும் இதே மடலில் ஒரு வேண்டுகோள். ஈரலுக்கான செல் சோதனை ஒருநாள் இங்கே நடக்க வேண்டும் என்றுதான் நான் விரும்புகிறேன். நடத்தும்போது ரத்தப் பரிசோதனை எண்களோடு நின்றுவிடாமல் போர்ட்டல் அழுத்தத்தையும் அளவிடுங்கள். உணவுக்குழாயின் வீக்கம் குறைந்ததா, வயிற்றில் நீர் எடுப்பது நின்றதா என்று பாருங்கள். ரத்தக்குழாய் வீங்கியவர் எல்லோருக்கும் சிரோசிஸ் இருப்பதில்லை; ஈரல் சுருங்காமலே போர்ட்டல் அழுத்தம் ஏறும் நோய் நம் நாட்டில் உண்டு என்று வேலூர் மருத்துவர்களே நிறைய எழுதியிருக்கிறார்கள். அப்படிப்பட்டவரிடமும் தரகன் "ஈரல் வளர்க்கிறேன்" என்றுதான் சொல்வான்.

ஈரல் மாற்று அறுவைதான் இன்று முற்றிய நோய்க்கு நிரூபணமான தீர்வு. அது எல்லோருக்கும் கிடைக்காது என்பதை அறிவேன். காத்திருப்போர் பட்டியலில் அண்ணனின் பெயரும் இருந்தது. செல் ஏற்றியபின் அந்தத் தொடர் சிகிச்சைக்கும் அவர் போகவில்லை.

வரும் திங்கட்கிழமை வேலூர் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்வு நாள் கூட்டத்துக்கு வருகிறேன். மூன்று ரசீதுகள், அந்தத் துண்டறிக்கை, என் கடைப் பேரேட்டில் புரோப்ரனோலால் நின்றுபோன பக்கத்தின் நகல், இவற்றோடு காலண்டர் தாள்களையும் கொண்டுவருகிறேன். கடைசித் தாளில் ழகரம் ஒழுங்காகவே முடிந்திருக்கிறது. அன்று இரவுதான் அவருக்கு ரத்தம் வந்தது.

இப்படிக்கு,
குடியாத்தம் மருந்துக்கடைக்காரன்